அம்மிணிக்கு: உன் கேரவனுக்குத் தரை தேடிப் போன கதை

அம்மிணி,

நலமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லாத கடிதம் இது. கடை ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீ தெரிகிறாய். கேரவனின் பின்விளக்கை நீ எரியவிடுகிறாய், அப்பா பின்னால் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார், உன் தோழி ஜெனி அதை இழுக்கப்போகிற ஜீப்பின் கொக்கியில் கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிறாள். ஆடி இன்றோடு முடிகிறது. நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் நீங்கள் இருவரும் கிளம்புகிறீர்கள், ஒரு வருடத்துக்கு. காலையிலிருந்து உன் தலையணை உறையை இரண்டு முறை மாற்றித் தைத்து இரண்டு முறை பிரித்துவிட்டேன். முப்பது வருடமாக லாரி சீட்டுக்குக் குஷன் தைக்கிறவள் ஒரு தலையணை உறையிடம் தோற்றுப்போனாள் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதே. அதனால்தான் மெஷினை மூடிவிட்டு, அளவு குறிக்கும் நோட்டில் எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் வண்டிக்குத் தரை வந்தது உனக்குத் தெரியும். அது வந்த வழி உனக்குத் தெரியாது. நேரில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், நான் கண்ணைத் துடைப்பேன், கதை பாதியில் நின்றுவிடும்.

தெரிந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அப்போதுதான் எனக்கு வரிசையாக வரும். போன வருடம் இதே ஆடியில்தான் தம்மம்பட்டிப் பக்கம் உன் சிநேகிதி ஊர்க் கோயில் விசேஷத்துக்குப் போன நீ, அங்கே ஒரு கோழிப்பண்ணையின் பின்புறம் அந்த வண்டியைப் பார்த்தாய். இரண்டு சக்கரம், உருண்ட கூரை, உள்ளே கூரை வரைக்கும் முட்டை அட்டைகள். சுரங்கத்துக்காக மலைகளை அளந்த ஒரு அதிகாரி அறுபது வருடத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டது, குடும்பத்தோடு மலை மலையாக அதிலேயே குடியிருந்தார், மாற்றலாகிப் போகும்போது தன் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார் என்று பண்ணைக்காரர் சொன்னாராம். நீ போனில் பேசிய வேகத்தில் எனக்குப் பாதி புரியவில்லை. சொந்தமாக ஏதோ வீடு வாங்கப்போகிறாய் என்றே நினைத்தேன். ஒரு விதத்தில் அதுவும் சரிதான். கிரேன் வைத்துத் தூக்கி லாரியில் ஏற்றி அப்பா அதை நம் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கியபோது, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் இந்தத் தெருவே கூடிவிட்டது. எந்த நடிகருடைய கேரவன் என்று கேட்டார்கள். இறக்கும்போது உள்ளேயிருந்து இரண்டு கோழிகள் இறங்கி வந்ததும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நீ சென்னையிலிருந்து பஸ் ஏறி வருவாய். அப்பாவும் நீயும் மரச்சட்டம் மாற்றினீர்கள், அலுமினியத் தகட்டைத் தட்டி நிமிர்த்தினீர்கள். தரைதான் மோசம். கோழி எச்சம் முக்கால்வாசியைத் தின்றிருந்தது. மூலையில் இருந்த அலமாரியைப் பெயர்த்தபோது அதற்கடியில் இரண்டடிக்குத் தரை அப்படியே இருந்தது. செங்கல் நிறம், தயிர் சிந்திய மாதிரி இளவெள்ளைக் கோடுகள். நீ மண்டியிட்டு அதை முகர்ந்து பார்த்தாய். லினோலியம் என்றாய். ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி, மரத்தூளும் தக்கைத்தூளும் கலந்து, சணல் துணியின் மேல் அழுத்திச் செய்வது, பிளாஸ்டிக் விரிப்புகள் வருவதற்கு முன்னால் நல்ல தரை என்றால் இதுதான் என்று எனக்கும் அப்பாவுக்கும் பாடம் எடுத்தாய். இந்த வண்டி எந்தக் காலத்துதோ அந்தக் காலத்துத் தரைதான் இதற்கு வேண்டும், நான் தேடுகிறேன், அதுவரை யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நான் தொட்டேன். மாசியில் ஒரு வியாபாரி, மரப்பலகை மாதிரியே அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு கொண்டுவந்தார். இப்போது லாரி முதலாளிகள் கேபினுக்குள் அதைத்தான் ஆசையாகப் போட்டுக்கொள்கிறார்கள். பளபளவென்று இருந்தது. நீ ஆபீஸ் வேலையும் பார்த்து, ராத்திரி பஸ்ஸில் வந்து, இங்கேயும் முதுகு ஒடிய வேலை செய்கிறாயே, நீ வந்து கதவைத் திறக்கும்போது தரை முடிந்திருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். மூன்று நாள். பழைய துண்டுகளைச் சுரண்டி எறிந்துவிட்டு, நல்ல பசையாகப் போட்டு, மூலைக்கு மூலை மடிப்பில்லாமல் ஒட்டினேன். என் வேலையில் குறை சொல்ல முடியாது. நீ வந்தாய். கதவைத் திறந்தாய். செருப்பைக் கழற்றி ஒரு காலை உள்ளே வைத்தாய், அப்புறம் எடுத்துக்கொண்டாய். "நல்லாருக்குதுங்கம்மா" என்றாய். இரண்டு நாள் இருப்பதாக வந்தவள் அன்று சாயந்திரமே பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு உன் போன் எல்லாம் அப்பாவுக்குத்தான் வந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, மறைக்க மாட்டேன். மூன்று நாள் மண்டி போட்டவளுக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லையா என்று அப்பாவிடம் பொருமினேன். உன் அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற ஆள். அன்றைக்கு அந்தப் பத்தையும் ஒரே மூச்சில் செலவழித்தார். "கேக்காம செஞ்சா அது உன்ற ஆசைக்குச் செஞ்சது. அவளுக்குச் செஞ்சதாகாது" என்றார். சொல்லிவிட்டு ரிவெட் அடிக்கப் போய்விட்டார். அடிக்கிற சத்தத்தில் நான் பதில் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில், ஒரு டிரைவர் சீட்டில் ஒரு சாண் கிழிசலைத் தைத்துக்கொடுக்கச் சொல்லி வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். சீட்டைப் பிரித்துப் பார்த்தால் ஸ்பான்ஜ் ஒரு பக்கம் குழிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. பாவம் என்று நானே புது ஸ்பான்ஜ் வைத்து, புது ரெக்சின் போட்டு, அவர் வருவதற்குள் முடித்து வைத்தேன். காசும் வாங்கவில்லை. நாக்பூர் போய்த் திரும்பி வந்தவர் வண்டியிலிருந்து இறங்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பதினொரு வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் குழி அவர் முதுகுக்கு ஏற்றபடி விழுந்திருக்கிறது. "அந்தப் பழைய ஸ்பான்ஜ் இருந்தாக் குடுத்துருங்கக்கா" என்றார். அவர் என்னைத் திட்டவே இல்லை. ஸ்பான்ஜ் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. அவர் தெருமுனை திரும்பும் வரை நான் கடைக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரியது உனக்கே தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால், திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம் உன்னைக் கேட்டு வந்தது. நல்ல மனிதர்கள், பையனும் நல்லவன். நீ பொங்கலுக்கு வரட்டும், கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று அப்பா சொல்லச் சொல்ல, நான் தட்டில் பூவும் பழமும் வாங்கி வைத்துக்கொண்டேன். நீ பொங்கலுக்கு வந்து வாசலில் பையை வைப்பதற்குள் எதிர்வீட்டு அக்கா உனக்கு வாழ்த்துச் சொன்னாள். நீ சண்டை போடவில்லை. அந்தப் பையனுக்கு நீயே போன் செய்து மன்னிப்புக் கேட்டாய். செய்தது நான், கேட்டது நீ. அடுத்த பொங்கலுக்கு நீ வரவில்லை. உன் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று ஒரு வருடம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தப் பிளாஸ்டிக் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான், நான் மறுபடியும் அதையேதான் செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. இந்தத் தடவையாவது திருத்த முடியும் என்றும் தோன்றியது. ஒரு விரிப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதுதானே. கல்யாணப் பேச்சைப் போல அது திரும்பப் பெற முடியாத வார்த்தை இல்லையே.

மாதிரிக்கு ஒரு துண்டு வேண்டும். நான்தான் எல்லாவற்றையும் எறிந்திருந்தேன். பழைய இரும்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது, வெல்டிங் பழனிச்சாமி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் மெல்ல எழுந்து நின்றார். முட்டி வலிக்காமல் இருக்க ஒரு மாதமாக அந்தத் துண்டு ஒன்றின் மேல்தான் மண்டியிட்டு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நடுவில் பொறி விழுந்து ஓட்டை ஓட்டையாக இருந்தாலும் ஓரத்தில் நிறம் அப்படியே இருந்தது. அவருக்கு நல்ல ரெக்சினில் முட்டி மெத்தை ஒன்று தைத்துக்கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டேன். திருப்பிப் பார்த்தால் சணல். எங்கள் தொழிலில் எது என்ன சரக்கு என்று சந்தேகம் வந்தால் ஊசியைச் சூடாக்கி ஓரத்தில் வைத்துப் பார்ப்போம். பிளாஸ்டிக் என்றால் மூக்கைச் சுளிக்க வைக்கும். இதில் வைத்தேன். புதிதாகப் பெயின்ட் அடித்த கதவின் வாசம் வந்தது. அந்த வாசம் வந்ததும் எனக்கு வந்த உற்சாகத்தைச் சொன்னால் சிரிப்பாய். இனி ஊரில் எங்கே இருந்தாலும் இதை என்னால் கண்டுபிடிக்க முடியும் என்று கையில் விளக்குக் கிடைத்த மாதிரி இருந்தது.

சேலத்தில் ரெக்சின் மொத்தக் கடைகளில் ஏறி இறங்கினேன். முப்பது வருடப் பழக்கம், காப்பி வாங்கிக் கொடுத்தார்கள், லினோலியம் என்றதும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் கிடங்கிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி எடுத்து வந்து காட்டினார். சின்னச் சின்னச் சதுரத் தட்டுகள், கறுப்பும் வெள்ளையும், அந்தக் காலத்துச் சரக்கேதான், அவ்வளவு அழகு. கை நீண்டுவிட்டது. அப்போது நீ முன்பு ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது, பழைய சதுரத் தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், உடைத்தாலோ அறுத்தாலோ தூசி நெஞ்சுக்குள் போய்விடும் என்று. பெட்டியை மூடி வைத்துவிடுங்கள், யாருக்கும் விற்காதீர்கள் என்று அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதைக் கேட்கிற பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்.

பரமத்தி வேலூரில் ஒருவர் இருப்பதாக அப்பா சொன்னார். அந்தக் காலத்தில் பஸ்ஸுக்கு பாடி கட்டிய தச்சர். பஸ் ஏறிப் போனேன். வெற்றிலைக் கட்டுகள் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மண்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். துண்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தவர், நான் தப்பான இடத்தில் தேடுகிறேன் என்றார். "ஓடற வண்டிக்கு இதைப் போடமாட்டாங்க. பஸ்ஸுக்கெல்லாம் பலகைதானுங்க. இது நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செய்யறவங்களுக்குப் போடறது." எங்கே நிற்பார்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரி, பாங்கி, போட்டோ ஸ்டூடியோ என்று விரல் விட்டு எண்ணினார். நான் திரும்பி வரும் பஸ்ஸில் உட்காரவே இல்லை தெரியுமா. சீட் காலியாக இருந்தது, சந்தோஷப் பரபரப்பில் என்னால்தான் உட்கார முடியவில்லை.

ஆஸ்பத்திரிகளெல்லாம் டைல்ஸுக்கு மாறிவிட்டன. பாங்கியில் தரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காவலாளி என்னை இரண்டு கேள்வி கேட்டார். ஸ்டூடியோக்கள்தான் மிச்சம். சேலத்தில் பழைய போர்டு தெரிகிற ஸ்டூடியோ ஒவ்வொன்றாக ஏறினேன். சும்மா போய்த் தரையைப் பார்க்க முடியாதே, ஒவ்வொரு இடத்திலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஐந்து இடத்தில் எடுத்தது, இன்னும் நாற்பது போட்டோ பீரோவில் இருக்கிறது. எல்லாவற்றிலும் நான் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறாவது ஸ்டூடியோ அம்மாபேட்டையில், தறிச்சத்தம் கேட்கிற ஒரு சந்துக்குள். நடத்துகிறவள் பெயர் மல்லிகா, நாற்பது வயசு இருக்கும், மாமனார் வைத்திருந்த கடை. உள்ளே போட்டோ எடுக்கிற அறைக்குள் காலை வைத்ததுமே பாதத்துக்குத் தெரிந்துவிட்டது. டைல்ஸின் சில்லிப்பு இல்லை, பிளாஸ்டிக்கின் ஒட்டல் இல்லை. கரும்பச்சை, நடுவில் நடையால் தேய்ந்து வெளுத்திருந்தது. நான் போட்டோவே எடுக்காமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றி, கோழிகளைப் பற்றி, நான் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பற்றி. முழுக்கக் கேட்டாள். பிறகு மேலே பரணைக் காட்டினாள். மாமனார் தரை போட்டபோது பின்னால் மாற்ற உதவும் என்று கூட ஒரு சுருள் வாங்கி வைத்தாராம், அவர் போன பிறகு யாரும் ஏறிப் பார்க்கவில்லை. ஏணி வைத்து இரண்டு பேருமாக இறக்கினோம். ஆறடி அகலம், கோணியில் சுற்றி, தூசி படிந்து, ஒரு முனையை எலி கடித்திருந்தது. அங்கேயே ஊசியைச் சூடாக்கி வைத்துப் பார்த்தேன். அதே வாசம்.

அம்மிணி, பழைய நானாக இருந்திருந்தால் அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்திருப்பேன். ஆனால் சிவப்பு இல்லையே, பச்சை. உன் வண்டியில் இருந்தது சிவப்பு. நான் வெளியே வந்து சந்தில் நின்றுகொண்டு உனக்குப் போன் போட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது நாம் பேசி. நீ எடுக்கமாட்டாய் என்றே நினைத்தேன்.

"அம்மிணி, தரை ஒண்ணு பாத்திருக்கறேன். அதே காலத்துது. ஆனாச் செகப்பு இல்லை, பச்சை. வாங்கட்டுமா வேண்டாமான்னு நீதான் சொல்லோணும்."

தறிச்சத்தம்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "அடியில சணலுங்களாம்மா?" என்றாய்.

"சணல்தான் சாமி."

"ஊசி வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பெயின்ட் வாசம்."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் அந்தச் சந்திலேயே மூன்று தடவை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். "பச்சையே இருக்கட்டுங்கம்மா" என்றாய். "அந்த ஆபீசருக்கும் அன்னிக்குக் கடையில இருந்த கலர்தானே கெடச்சிருக்கும்." அதை நான் யோசிக்கவே இல்லை. நான் அதே நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், நீ அதே காலத்தைத் தேடிக்கொண்டிருந்தாய். மல்லிகா காசு வேண்டாம் என்றுவிட்டாள். போட்டோவுக்கு உட்காருகிற பெஞ்சு கிழிந்திருக்கிறது, அதற்குக் குஷன் போட்டுத் தாருங்கள் போதும் என்றாள். என்ன நிறம், எவ்வளவு மெத்தென்று, பட்டன் வைக்கவா வேண்டாமா என்று நான் கேட்ட கேள்விகளில் அவள் களைத்துப்போனாள்.

சுருளைக் கொண்டுவந்தாயிற்று, பிரிப்பதுதான் சோதனை. அத்தனை வருடம் சுருண்டு கிடந்தது காய்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. சித்திரை வெயிலில் பட்டறை முற்றத்தில் போட்டுச் சூடேற்றிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்று நீ போனில் சொல்லியிருந்தாய். பத்து மணி வெயில் எனக்குப் போதும் என்று தோன்றியது. கை வைத்து ஒரு சுற்றுப் பிரித்தேன். டப்பென்று ஒரு சத்தம். ஒரு முழத்துக்குக் குறுக்கே விரிசல். அப்பா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நிழலில் போட்டு, என்னை அதில் உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கை வைத்துப் பார்த்து, வளைகிறது என்று தலையாட்டினால்தான் ஒரு சுற்று. அரை மணிக்கு ஒன்று. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். பழனிச்சாமி குடை பிடிக்க வந்தார், வெயில்தான் வேண்டும் என்று விரட்டினோம். மூன்று மணிக்குக் கடைசிச் சுற்று படிந்தது. யாரோ கைதட்டினார்கள். விரிசலும் எலி கடித்ததும் பூஞ்சை ஏறியதும் போக அளந்தோம். பத்தடி நாலங்குலம். உன் வண்டித் தரை பத்தடி ஓரங்குலம். மூன்று அங்குலம் மிச்சம், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவைதான் வெட்ட முடியும்.

நீ வருவதற்கு முன்னால் நான் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பெயர்க்க வேண்டியிருந்தது. நல்ல பசை போட்டேன் என்று சொன்னேனே. இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சூடேற்றிச் சூடேற்றிச் சுரண்ட இரண்டு நாள் ஆயிற்று. பழனிச்சாமி தன் முட்டி மெத்தையை எனக்கு இரவல் கொடுத்தார். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாகச் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நீ வந்தாய். பச்சையைத் தொட்டுப் பார்த்தாய், என் முட்டியைப் பார்த்தாய். நாம் மூன்று பேருமாகச் செய்தித்தாளை ஒட்டி ஒட்டித் தரைக்கு அச்சு எடுத்தோம், சக்கரங்களுக்காகத் தரையில் புடைத்திருந்த இரண்டு மேட்டுக்கும் வளைவு எடுத்தோம். விரிப்பின் மேல் அச்சை வைத்துக் கோடு கிழித்ததும் நான் கத்தியை உன் பக்கம் நீட்டினேன். உன் வண்டி, உன் தரை, நீயே வெட்டு என்றேன். நீ அதை வாங்கி, கைப்பிடியைத் திருப்பி என்னிடமே கொடுத்தாய்.

"நீங்க வெட்டுங்கம்மா. நானே உங்களைக் கேக்கறேன்."

இருபத்தொன்பது வருடத்தில் நீ எனக்குக் கொடுத்ததில் அதைவிடப் பெரியது எதுவுமில்லை. ஒரே வெட்டாக வெட்டினேன். சக்கர மேட்டு வளைவில் மட்டும் மூச்சை விடாமல் இருந்தேன். பசை போட்டு, லாரியின் அச்சுத்தண்டில் கோணியைச் சுற்றி மேலே உருட்டி, மூன்று நாள் பாரம் வைத்து எடுத்தபோது, நீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாய். ஜன்னல் வரை போனாய், திரும்பி வந்தாய், அப்படியே தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாய். அப்புறம் எங்களையும் உள்ளே கூப்பிட்டாய். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு, கால் அழுக்கு என்றார். நீ ஒரு ஈரத்துணியை அவரிடம் எறிந்தாய்.

இனி நீ வழியில் பார்த்துக்கொள்ள வேண்டியது. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதே, ஈரத்துணி போதும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மெழுகு தேய். மேசையை இழுக்காதே, தூக்கி வை. மழை நாளில் குடையை உள்ளே சாய்த்து வைக்காதே. இதெல்லாம் தரைக்கு. உனக்கு என்று சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதால் சொல்கிறேன். ஜெனியோடு ஒரு வருடம் பத்தடி இடத்தில் இருக்கப்போகிறாய். நாளைக்கு உன்னோடு வாழ யார் வந்தாலும், வராவிட்டாலும், அன்பு பொங்கி வருகிறபோதுதான் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். கோபத்தில் நாம் எப்படியும் யோசிப்போம். அன்பில்தான் யோசிக்காமல் கை வைத்துவிடுகிறோம். உன் கை என் கை மாதிரியே வேகமான கை, நான் பார்த்திருக்கிறேன். கல்யாணம் செய்யாமல் வண்டியை இழுத்துக்கொண்டு போகிறாளே என்று தெருவில் கேட்கிறார்கள். என்னிடம் கேட்காதீர்கள், அவளிடம் கேளுங்கள், கேட்டால் சொல்லுவாள் என்கிறேன். யாரும் கேட்கவில்லை. அது அவர்கள் பாடு.

இதோடு கடிதத்தை முடித்து உன் அலமாரியில் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேற்று மத்தியானம் நீ கேட்டாயே, ராமேஸ்வரம் வரைக்கும் எங்ககூட வாங்கம்மா, மூன்று நாள், அங்கிருந்து பஸ் ஏற்றி விடுகிறோம் என்று. பதினொரு சீட் தைக்கக் கிடக்கிறது, எப்படி வருவது என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். நீயும் சரி என்று போய்விட்டாய். அதிலிருந்து மனசு அங்கேயேதான் சுற்றுகிறது. நான் தைத்த சீட்டில் உட்கார்ந்து கௌஹாத்தி போயிருக்கிறார்கள், ஸ்ரீநகர் போயிருக்கிறார்கள். நான் பழனியும் ஓசூரும் தாண்டியதில்லை. கடலை நான் இன்னும் பார்த்ததில்லை என்பது உனக்குத் தெரியுமா? யாரும் என்னைக் கேட்டதில்லை. நீ கேட்டாய். நான் பதிலை யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். ஏனுங்க, மூணு நாள் கடையை நீங்க பாத்துக்குவீங்களா என்று கேட்டேன். சொம்பை வைத்துவிட்டு, சீட் தைக்கக் கொடுத்தவர்களுக்கு அவரே போன் போட ஆரம்பித்துவிட்டார். அதனால், அம்மிணி, இந்தக் கடிதம் இருக்கும் இடத்தை நான் திரும்பி வரப் பஸ் ஏறும்போதுதான் உனக்குச் சொல்வேன். அலமாரியின் மேல்தட்டில், துண்டுகளுக்கு அடியில் வைக்கிறேன். உங்கள் பெட்டிகளுக்கு நடுவில் என் ஒரு பைக்கும் இடம் இருக்குமா என்று உன்னிடம் கேட்கத்தான் இப்போது எழுந்து வருகிறேன்.

அம்மா